தவுக்கே நின்ற இடம்

2023 மார்ச் 24, விடியற்காலை நாலு மணி. நோன்பு மாதத்தின் இரண்டாவது நாள் என்பதால், கோலாலம்பூர் செந்தூலில் நான் வழக்கமாக ஒதுங்கும் மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், அந்த நேரத்துக்கும் உட்கார இடமில்லை. நோன்பு வைக்குமுன் சாப்பிடும் சாஹுருக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், என்னைப் போல இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் ஒரு பக்கம். எனக்குக் கிடைத்தது கல்லாவை ஒட்டிய ஒரு மேசையின் பாதி. மறுபாதியில் மூன்று பையன்கள், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டு பேர் தமிழ், ஒருவன் மலாய்க்காரன். கைப்பேசியைத் திசுப் பெட்டியில் சாய்த்து வைத்து லிஸ்பனில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர்ச்சுகலும் லீக்டன்ஸ்டைனும். ஆட்டத்துக்காக யாரும் பார்க்கவில்லை. ரொனால்டோ தன் நாட்டுக்காக 197ஆவது தடவை இறங்குகிறார், அதற்காகப் பார்த்தார்கள். ஆண்கள் காற்பந்தில் அதுவரை யாரும் அத்தனை தடவை இறங்கியதில்லை.

"உலகத்துலயே ஒருத்தன்தான்," என்றான் தமிழ்ப் பையன்களில் ஒருவன். நான் வாயை மூடிக்கொண்டு ரொட்டி சானாயைப் பிய்த்திருக்கலாம். தூக்கக் கலக்கம். "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் 195 ஆடியிருக்காரு தம்பி, தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். "யாரு அண்ணே, மொக்தாரா?" எழுபதுகளின் கோல் மன்னர் மொக்தார் டஹாரியைச் சொன்னான். "இல்லப்பா. சோ சின் ஆன்." பையன் உடனே தேடினான். "இருக்கு அண்ணே! 195. இவரு தற்காப்பு பேக்கா?" என்று முகம் மலர்ந்து, அடுத்த நொடி வீடியோவுக்குத் தாவினான். கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது. மொக்தார் கோல், மொக்தார் கோல், பழைய அரங்கத்தின் படம், மறுபடி மொக்தார். அவன் தேடியவரை சோ சின் ஆனுடைய ஆட்டம் என்று தனியாக ஒன்றும் அகப்படவில்லை. கைப்பேசியை மறுபடி திசுப் பெட்டியில் சாய்த்துவிட்டு, "சரி அண்ணே," என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் உறுத்தியது. கல்யாண வீட்டில் பெரியப்பா யாராவது 'அந்தக் காலத்துல நான் வெள்ளைக்காரன் காலத்து டெம்ப்ளர் துரைக்கே கை குடுத்தவன்' என்று ஆரம்பித்தால் நாம் சொல்வோமே, அந்த 'சரி'. நான் சொன்னது பொய்யில்லை, எண் அவன் கையிலேயே இருந்தது. ஆனாலும் காட்ட ஒன்றுமில்லாததால் கதை போலாகிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. யோசித்தால் இன்னொன்றும் உறைத்தது: வீடியோ இல்லாதது கிடக்கட்டும், அந்த மனிதர் திடலில் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல் என்று அவன் கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

நூற்றுத் தொண்ணூற்றைந்து

நம்மில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியும். மலாக்காவில் 1950இல் பிறந்தவர், சிலாங்கூரின் தூண், தேசிய அணியின் தலைவர். 'தவுக்கே' என்று அரங்கமே கூப்பிட்டது. மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்து வேலையாட்களை விரல் அசைவில் நடத்துவாரே, அந்தத் தவுக்கே. 1969 முதல் 1984 வரை பதினைந்து ஆண்டுகள் தேசிய அணியில் ஆடினார். 195ஐப் பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்குப் பதின்மூன்று ஆட்டம். ரொனால்டோ அதே கணக்கில் ஆண்டுக்குப் பத்துதான். பாவ்லோ மால்தினி, தற்காப்பு என்றாலே எல்லாரும் சொல்லும் பெயர், இத்தாலிக்காக ஆடியது 126. எகிப்தின் அகமது ஹசன் 184 ஆட்டங்களோடு உலகச் சாதனையாளர் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாளும் நம்மவர் 195ஐ வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அப்புறம்தான் அந்தக் கணக்கு ஏட்டில் ஏறியது. ஏறிச் சில காலத்துக்குள் குவைத்தின் பாடர் அல்-முத்தாவா தாண்டினார், பிறகு ரொனால்டோ தாண்டினார்.

ஏன் இத்தனை தாமதம் என்பது சலிப்பான விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். இரு நாடுகளின் முழு அணிகள் மோதினால்தான் அது கணக்கில் வரும். எழுபதுகளில் மலேசிய அணி யார் வந்தாலும் ஆடியது. 1975இல் ஆர்சனல் வந்தது, 1978இல் இங்கிலாந்தின் பி அணி வந்தது. அவை அரங்கம் நிரம்பிய ஆட்டங்கள், ஏட்டில் பூஜ்யம். ஒலிம்பிக் தகுதிச் சுற்று, ஆசிய விளையாட்டு இவற்றில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று புள்ளிவிவரக்காரர்களுக்குள் ஓயாத இழுபறி. அதையெல்லாம் வடிகட்டிய பிறகும் 195 நிற்கிறது. எப்படி அவ்வளவு சேர்ந்தது என்றால், மெர்டேக்கா, அதாவது சுதந்திரக் கிண்ணம்தான் காரணம். 1957இல் தொடங்கிய போட்டி. கொரியா, பர்மா, இந்தோனேசியா, ஜப்பான், இந்தியா என்று ஆசியாவே கோலாலம்பூரில் வந்து இறங்கும். ஓரிரு நாள் இடைவெளியில் ஆட்டம். நாம் 1973, 1974, 1976, 1979 என்று நாலு தடவை அந்தப் பத்தாண்டில் ஜெயித்தோம். இதற்கு நடுவில் 1972 மியூனிக் ஒலிம்பிக், 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வடகொரியாவை வீழ்த்தி வெண்கலம், 1977லும் 1979லும் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுத் தங்கம். இவ்வளவும் பகலில் ஒரு வேலை, மாலையில் பயிற்சி என்றிருந்த காலத்தில். நம் லீக்கில் சம்பளக் காற்பந்து அரைகுறையாக வந்ததே 1989இல்தான்.

மியூனிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கு ஜெர்மனியிடம் 3-0 என்று தோற்றோம், மொரோக்கோவிடம் 6-0, அமெரிக்காவை 3-0 என்று ஜெயித்தோம். அந்த ஜெர்மன் அணியில் பின்னாளில் புகழ் பெற்ற உலி ஹோனஸ் ஆடினார், ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் ஆடினார். நம் பின்வரிசையில் எம். சந்திரன் இருந்தார், பினாங்கின் நாமாட் அப்துல்லா இருந்தார், இருபத்திரண்டு வயது சோ சின் ஆன் இருந்தார். ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா போனது அந்த ஒரே தடவைதான்.

ஆண்டுதோறும் சுதந்திர தினம் வரும் ஆகஸ்ட் மாதம் ஏதாவது ஒரு விளம்பரத்தில் இந்த அணியைக் கொண்டுவருவார்கள். மொக்தார், கோல் காவலர் ஆறுமுகம், தற்காப்பில் சந்தோக் சிங், சோ சின் ஆன், பின்னணியில் கொடி, கண்ணில் நீர். எனக்கு அந்த விளம்பரங்கள் பிடிக்காது. அதில் ஆறுமுகம் இந்தியர், சோ சீனர், அவ்வளவுதான். ஆறுமுகம் எப்படிப் பாய்வார், சோ எங்கே நிற்பார் என்று விளம்பரம் எழுதியவருக்கு அக்கறை இல்லை. சரி, எனக்கு மட்டும் தெரியுமா? அதுதான் அந்த மாமாக் கடை இரவின் பிரச்சினை.

அப்பாவிடம் கேட்டேன்

என் அப்பாவுக்கு அந்த ஆண்டு எழுபத்து நாலு. சோ சின் ஆனைவிட ஒரு வயது மூத்தவர். செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பட்டறை அணியில் இடது பேக் ஆடினார். எழுபதுகளில் மெர்டேக்கா அரங்கத்தில் பெரிய ஆட்டம் எதையும் அவர் தவறவிட்டதில்லை என்பது எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்டு எல்லாருக்கும் மனப்பாடமான விஷயம். சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக டிக்கெட் காசு, ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலைக் காசு. வரும்போது பஸ் கிடைக்காவிட்டால் பூடு சிறைச்சாலைப் பக்கமிருந்து செந்தூல் வரைக்கும் நடை.

மொக்தாரைப் பற்றிக் கேட்டால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். ஆர்சனலுக்கு எதிராக அடித்த இரண்டு கோலையும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடியே காட்டுவார். இங்கிலாந்து பி அணிக்கு எதிராகப் பாதித் திடலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போனாரே, அதற்கு எங்கள் வீட்டு வரவேற்பறை போதாது, வாசல் கதவைத் திறந்தாக வேண்டும். ஆறுமுகத்துக்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பெயர் எப்படி வந்தது என்று அந்த நீளக் கைகளை விரித்துக் காட்டுவார். 1988இல் ஆறுமுகம் சாலை விபத்தில் போனபோது அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா இன்னமும் சொல்வார்.

அந்த வாரம் நான் கேட்டேன்: "அப்பா, சோ சின் ஆன் எப்படி ஆடுவாரு?"

"தவுக்கேயா? நல்லா ஆடுவான்."

"அது தெரியும். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ஒரு ஆட்டத்துல அவரு செஞ்சது."

யோசித்தார். மின்விசிறியைப் பார்த்தார். "நல்லா ஆடுவான்டா. அடி பட மாட்டான். நிதானம்." அதற்கு மேல் வரவில்லை. 195 என்று சொன்னேன். "அவ்வளவா?" என்று கேட்டார். என் அப்பாவுக்கே எண் தெரிந்திருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம்.

தற்காப்பு ஆட்டக்காரனின் விதியே இதுதான், தடுத்ததை யாரும் எண்ண மாட்டார்கள், விட்டதை மறக்க மாட்டார்கள் என்று ஒரு பதிவு எழுத ஆரம்பித்து பாதியில் நிறுத்தினேன். அதற்கு ஆதாரமாக அப்பாவையே வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். எழுபதுகளின் நடுவில் பட்டறைகளுக்கு இடையிலான ஒரு இறுதி ஆட்டத்தில், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது வலப்பக்கமிருந்து வந்த பந்தை அப்பா தலையால் முட்டினார். முட்டியது தன் வலைக்குள்ளேயே. சேம்சைடு கோல். ஐம்பது வருஷமாகிறது. இன்றைக்கும் செந்தூலில் ஏதாவது துக்க வீட்டில் பழைய பட்டறைக்காரர் ஒருவர் அப்பாவைப் பார்த்தால், முதலில் கையைப் பிடித்து விசாரிப்பார், அப்புறம் மெதுவாகத் தலையை இடப்பக்கம் ஒரு சாய்ப்பு. அப்பாவும் சிரிப்பார். அவர் அந்த அணிக்கு எட்டு வருஷம் ஆடினார். மற்ற ஆட்டங்களைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை.

1976இல் சியோலில் ஒரு ஆட்டம். கொரியாவை 4-1 என்று முந்திக்கொண்டிருந்தோம். கடைசிச் சில நிமிடங்களில் சா பும்-குன் மூன்று கோல் அடித்து 4-4 ஆக்கினார். கொரியாவில் அது இன்றும் புராணம். மறுநாள் பேப்பரில் படித்துவிட்டு அப்பா தமிழ் நேசனைச் சுருட்டி எறிந்தாராம். எறிந்தது ஞாபகமிருக்கிறது. அதே வருஷம் மெர்டேக்கா கிண்ணத்தை எப்படி ஜெயித்தோம் என்று கேட்டால், "ஜெயிச்சோம்ல" என்கிறார். இதையெல்லாம் சேர்த்தால் என் பதிவு தானாக எழுதிக்கொள்ளும். ஆனால் ஏதோ இடித்தது. இவ்வளவு எளிதாக வருகிற கருத்தை நான் நம்புவதில்லை. அப்பா ஒரு பேக். ஒரு பேக்குக்கே இன்னொரு பேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அது மறதியாக மட்டும் இருக்க முடியாது.

இன்னொரு சின்ன விஷயம். 1980 ஏப்ரல் 6, மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஆட்டம். மெர்டேக்கா அரங்கம், எதிரில் தென்கொரியா, 1-1. முடியப் போகிற நேரத்தில் ஹசான் சானி பந்தைக் கொடுக்க, ஜேம்ஸ் வோங் அடித்தார், 2-1. இந்த நாட்டுக் காற்பந்தின் மிகப் பெரிய இரவு எது என்றால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததற்கு எதிர்ப்பாக மலேசியாவும் மாஸ்கோவைப் புறக்கணித்தது, நமக்குப் பதிலாக ஈராக் போனது, அது வேறு வயிற்றெரிச்சல். அப்பா அன்றைக்கு அரங்கத்தில் இருந்தார். ஆனால் அந்தக் கோலை மட்டும் அவர் ஒருநாளும் நடித்துக் காட்டியதில்லை. கூட்டம் எப்படிக் கத்தியது, யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள், பக்கத்திலிருந்த சீனத் தாத்தா எப்படி அழுதார் என்பதெல்லாம் வரும். கோல் மட்டும் "அடிச்சான்" என்ற ஒற்றைச் சொல்லில் போய்விடும். சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன். அன்றுவரை காரணம் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை

என் மகன் தமிழ்ப்பள்ளி அணியில் ஆடுகிறான். பதினொரு வயது. இடது பேக்தான், தாத்தா சொல்லிக்கொடுத்தது. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பக்கத்துப் பள்ளியோடு ஆட்டம். முதல்நாள் மழையில் திடலின் ஒரு மூலை சேறாகக் கிடந்தது. மடக்கு நாற்காலியைக் கோட்டருகே போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். தொப்பி, பிளாஸ்கில் சர்க்கரை இல்லாத காப்பி, கையில் விசிறியாகப் பழைய நாட்காட்டி அட்டை. பிள்ளைகள் ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, பந்து எங்கே போகிறதோ இருபது பேரும் அங்கே. நானும் மற்றப் பெற்றோர் மாதிரி பந்தோடு சேர்ந்து தலையைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். நம் பிள்ளைகள் வலப்பக்கமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்பா, "இப்ப நடுவுல வரும்," என்று முணுமுணுத்தார். நடுவில் வந்தது, எதிரணியின் பையன் ஒருவன் காலில் போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கம்." இந்தப் பக்கம். மூன்றாவது தடவையும் சரியாக வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பந்து இருந்த திசையிலேயே பார்க்கவில்லை.

"எப்படிப்பா சொல்றீங்க?"

விசிறி அட்டையால் காட்டினார். எதிரணியின் கோலுக்கு முன்னால் ஒரு ஒல்லிப் பையன், கால்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவன் ஓடவில்லை. நாலு அடி இடது, ரெண்டு அடி பின்னால் என்று வீட்டு வாசலில் யாருக்காகவோ காத்திருப்பவன் போல நடந்துகொண்டிருந்தான். "பந்தப் பாத்தா பந்து எங்க இருக்குன்னுதான் தெரியும். அவனப் பாரு. அவன் எங்க நடக்குறானோ அங்கதான் அடுத்தாப்புல வரும். இந்தச் சின்னப் பயலுக்கு யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். இல்ல, தானா வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தவுக்கே இப்படித்தான்."

அப்புறம் அவர் பேசியதை அப்படியே எழுதப் பார்க்கிறேன். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். மொக்தாரைப் பார்க்கவா போனேன், எல்லாரும் அதுக்குத்தான் போனாங்க, நான் பாடம் படிக்கப் போனேன்டா என்றார். திங்கட்கிழமை பட்டறைத் திடலில் தான் நிற்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறார். தொண்ணூறு நிமிடமும் கண் ஒருவர் மேலேயே. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது தவுக்கே இந்தக் கோடியில் என்ன செய்கிறார் என்று பார்ப்பாராம். நடுக்கோடு வரைக்கும் மெதுவாக ஏறுவார். திரும்பி ஆறுமுகத்திடம் ஏதோ சொல்வார். சந்தோக் எங்கே என்று ஒரு பார்வை. எதிராளிகள் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்று விரலால் எண்ணிச் சந்தோக்குக்குக் காட்டுவார். அப்புறம் ஒரு கை மேலே போகும், "நாயேக்! நாயேக்!" வரிசை முழுக்க ஏறும். முரட்டுத்தனமாக மோதுவது சந்தோக்கின் வேலை. மோதிவிட்டு மிச்சமாக உருண்டு வருகிற பந்து எங்கே வருமோ அங்கே தவுக்கே முன்பே நின்றிருப்பார். சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தால் கூட்டம் கைதட்டும். இவர் விழ வேண்டிய அவசியமே வராததால் கைதட்டலும் வராது. "அவன் நடந்தா எனக்கு நிம்மதி. அவன் ஓட ஆரம்பிச்சா, கூட்டாளிங்ககிட்ட சொல்லிருவேன், டேய் கோல் வரப் போகுதுன்னு. பந்து அப்பத்தான் நடுத் திடல்லயே இருக்கும். சிரிப்பானுங்க. 'பந்து அங்க இருக்கு, நீ எங்கடா பாக்குற'ன்னு திட்டுவானுங்க."

"அப்ப 1980இல்?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா பிளாஸ்கின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "அந்தக் கோல நான் பாக்கலடா."

நாற்பத்து மூன்று வருஷம். அரங்கம் பொங்கி வழிந்த இரவில், டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, உள்ளே போய், எதிர்க் கோடியில் ஜேம்ஸ் வோங் பந்தை அடித்த நொடியில் அப்பாவின் கண் இந்தக் கோடியில் இருந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும்போது கொரியா எதிர்த்தாக்குதல் நடத்தினால் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற பயம் அவருக்கு. தவுக்கே நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், நின்றார். "கால நிறுத்திட்டான். அவ்வளவுதான். கைய இடுப்புல வச்சான். எனக்குப் புரிஞ்சிருச்சு. அப்புறம்தான் சத்தம் வந்துச்சு." யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வேலையிடத்தில் மறுநாள் எல்லாரும் கோலைப் பற்றிப் பேசும்போது இவரும் "அடிச்சான்" என்று சேர்ந்துகொண்டிருக்கிறார். அதே ஒற்றைச் சொல்தான் எங்களுக்கும் கிடைத்தது.

நான் அவரை நம்புகிறேனா? முக்கால்வாசி. எழுபத்து நாலு வயதில் நினைவு தானாகத் தையல் போட்டுக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். தவுக்கே அந்த நொடியில் கையை இடுப்பில் வைத்தாரா, தலையில் வைத்தாரா என்று சரிபார்க்க வழியில்லை. கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருக்காது. ஆனால் கோலைப் பார்க்கவில்லை என்று ஒருவர் பொய் சொல்ல மாட்டார். அந்த இரவு அரங்கத்தில் இல்லாதவர்களே பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் கோல் அது.

மார்ச்சில் "நல்லா ஆடுவான்" என்றதோடு நிறுத்தியதற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. 'ஏதாவது ஒண்ணு சொல்லுங்க' என்று கேட்டது என் தப்பு. ஒன்று என்று அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது தொண்ணூறு நிமிடமும்தான், அதை எந்த இடத்தில் வெட்டிக் கொடுப்பது? நான் கோல் கேட்கிற மாதிரி கேட்டேன், கோல் மாதிரி ஒன்று கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அந்தப் பாதிப் பதிவை அழித்துவிட்டேன்.

"உங்க சேம்சைடு கோல்?" என்று கேட்டேன், கிண்டலாகத்தான். அப்பா சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஒரு தடவ பந்தப் பாத்துட்டேன்," என்றார். அதற்குள் திடலில் சத்தம். என் மகன் பக்கமாக ஒருவன் புகுந்து கோல் அடித்துவிட்டான். பையன் சேற்றில் நின்றுகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே விசிறி அட்டையால் வலப்பக்கம் இரண்டு எட்டு என்று காட்டினார். அவன் தலையாட்டிவிட்டு இரண்டு எட்டு நகர்ந்து நின்றான். ஆட்டத்தில் 4-1 என்று தோற்றார்கள், அது வேறு.

மேசை

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை அப்பாவை அதே மாமாக் கடைக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பையன்கள் இருக்கிறார்களா என்று ஒரு நப்பாசை, இல்லை. எழுபதுகளின் பழைய துண்டுக் காட்சி ஒன்றை முந்தின இரவு தேடிப் பிடித்திருந்தேன். மங்கல், கோடு கோடாக ஓடும் படம், நாற்பது விநாடி இருக்கும். வர்ணனையாளரின் மலாய்க் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. மெர்டேக்கா அரங்கத்தின் பின்னால் வானம் காலியாக இருந்தது, இப்போது அங்கே 118 மாடிக் கோபுரம் நிற்கிறது. சட்டையில் எண் தெரியவில்லை, முகங்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள். யார் யாரோடு ஆடுகிறார்கள் என்றே நிச்சயமில்லை. மலேசிய அணிதான் என்று மஞ்சள்-கறுப்பை வைத்து நான் யூகித்தேன், படத்தில் அது சாம்பலும் கறுப்பும்.

கைப்பேசியை மேசையில் படுக்கவைத்து அப்பா பக்கம் தள்ளினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நாற்பது விநாடி. ஒருவர் பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக ஓடுகிறார், கேமரா அவரோடு ஓடுகிறது, கூட்டம் எழுகிறது, வெட்டு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். படம் உறைந்தது. ஓடுகிறவரின் கால் அந்தரத்தில். சட்டகத்தின் இடது ஓரத்தில் கொஞ்சம் புல், அதற்கப்பால் கைப்பேசியின் கறுப்பு விளிம்பு.

"தவுக்கே தெரியுறாரா அப்பா?"

"இதுல இல்ல." விரலை நீட்டி, திரையைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, அவருடைய பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீர் கிளாஸ் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனார். கிளாஸை ஓரமாக நகர்த்திவிட்டு, மேசையில் அது விட்டிருந்த ஈர வட்டத்துக்குள் விரலை வைத்தார்.

"இங்க நிக்கிறான்."